எட்டுமணியரும் பிறத்திக் குண்டிக்காயும்

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்கு வந்து ஆழ்வாப்பிள்ளை வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் பார்ப்பார்கள். எட்டுமணியர் வீடு என்று கேளுங்கள், நாய்கூட முன்னுக்கு நடந்து கூட்டிக்கொண்டு போகும்.

அவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் ரைம்கீப்பர். வாசலில் ஒரு மேசை, மேசையில் ஒரு வரவு இடாப்பு, பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனை. காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதும். ஊதி அடங்கியதும் எட்டுமணியர் இடாப்பில் சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவன் மனிதன். கீழே வைத்தவன் பிந்தினவன். மாமனாக இருந்தாலும் சரி, மனேச்சராக இருந்தாலும் சரி.

"எட்டு எண்டா எட்டு. எட்டு ஒண்டு எண்டா அது ஒன்பது."

முகத்து நாடியை உள்ளே இழுத்து, பாதி மூக்காலும் பாதி தொண்டையாலும் இதைச் சொல்லிப் பாருங்கள். எட்டுமணியர் உங்கள் வாய்க்குள் வந்து குந்திவிடுவார். ஒரு நாள் ரயில் சுன்னாகத்தில் கிடந்து பிந்தியபோது மனிதர் வாசலுக்கு ஓடிப்போய், முதலில் கோட்டை இழுத்துவிட்டு, பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே தன் கையெழுத்தை வைத்தார். இடாப்பில் பொய் எழுத அவருக்குக் கை எழும்பாது.

அப்படிப்பட்டவருக்கு எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கடைசியில் இரண்டு குண்டிக்காயும் ஒன்றாக வேலைக்கு வராமல் நின்றுவிட்டன. படித்தவர்கள் சிறுநீரகம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் குண்டிக்காய்தான். கொஞ்சம் கூச்சமான சொல். ஆனால் அந்த வருடம் அந்தச் சொல்லைச் சொல்லாமல் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் தேத்தண்ணி குடித்து முடித்ததில்லை.

"வேற ஒண்டு வைக்கவேணும். வேலூருக்குக் கொண்டு போங்கோ. குடுக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

குடுக்கிற ஆளுக்கு எங்கே போவது? மனைவி குணலட்சுமி மாமியின் இரத்தம் சேரவில்லை. லண்டனில் இருந்த தம்பி, 'அண்ணை, வெள்ளைக்காரன் லீவு தாறானில்லை' என்று கடிதம் போட்டு, கூடவே ஒரு கம்பளிச் சட்டையும் அனுப்பினார். கொக்குவில் வெயிலுக்கு அதைப் போட்டிருந்தால் குண்டிக்காய்க்கு முன்னம் மனிதர் போயிருப்பார்.

அப்போதுதான் சாவகச்சேரி பஸ்ஸில் வந்து இறங்கினார் பத்மாவதியக்கா.

பத்மாவதியக்கா எட்டுமணியரின் ஒரே அக்கா. ஆனால் அந்த வீட்டுக்குள் அவர் வந்து இருபத்து மூன்று வருடம். அறுபத்தோராம் ஆண்டு மட்டுவிலில் புகையிலைத் தோட்டம் செய்த முத்துக்குமாரு என்பவரைக் கட்டப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, தகப்பனார் சாத்திரியிடம் சாதகக் குறிப்பைக் காட்டிவிட்டுப் பொருத்தம் இல்லை என்றார். பத்மாவதியக்கா குறிப்பைக் கேட்கவில்லை. போய்ப் பதிவு எழுத்து எழுதிக் கலியாணத்தை முடித்துவிட்டார். அன்றைக்கு அவர்களுடைய ஐயா முற்றத்தில் நின்று சொன்ன வசனம் எங்கள் ஒழுங்கைக்கே பாடம்.

"உவள் இனிப் பிறத்தி! பிறத்தி ஆக்களோடை இந்த வீட்டிலை ஒருத்தரும் கதைக்கப்படாது!"

பிறத்தி என்றால் வெளியாள், நம்மில் சேராதவர். தெருவில் போகிறவரைச் சொன்னால் அது வெறும் சொல். பெற்ற பிள்ளையைச் சொன்னால் அது வேறு. அப்போது இருபத்தொரு வயதாக இருந்த எட்டுமணியர், ஐயா சொன்னதை இடாப்பில் எழுதியதுபோல் எடுத்துக்கொண்டார். ஐயா எழுபத்தைந்தில் செத்த பிறகுகூட, கலியாண வீடு செத்த வீடுகளில் அக்காவைக் கண்டால் "சுகமோ?" என்பார். அவர் "சுகம்" என்பார். அத்தோடு சரி. அத்தான் முத்துக்குமாருவோடு அந்த ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பத்மாவதியக்கா வந்து, செருப்பைக் கழற்றாமலே கேட்டார். அவர் கேள்வியும் கேட்பார், பதிலும் சொல்வார். நாங்கள் சும்மா நின்றால் போதும்.

"குண்டிக்காய் வேணுமாம்? வேணும். எனக்கு எத்தினை கிடக்கு? ரெண்டு. ஒண்டு காணாதோ? காணும். எப்ப கப்பல்?"

தலைமன்னாரில் கப்பல் ஏறி மூன்று பேரும் வேலூருக்குப் போனார்கள். அங்கே டொக்டர்கள் சோதித்துவிட்டு, அச்சொட்டான பொருத்தம், இதைவிடப் பொருத்தம் இரட்டைப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்றார்கள். "பொருத்தம் கிடக்காமல் வேறென்ன? ஐயாவின்ரை சாத்திரிக்குத்தான் கண் தெரியாது" என்றாராம் பத்மாவதியக்கா. மட்டுவிலில் இருந்து முத்துக்குமாரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்பியிருந்தார். ஒரு வரிகூட எழுதவில்லை. கையெழுத்து மட்டும்.

எண்பத்து நாலு பங்குனியில் வெட்டினார்கள். அக்காவின் இடப்பக்கத்துக் குண்டிக்காய் தம்பியின் வலப்பக்க அடிவயிற்றில் போய் இருந்து, அன்றைக்கே வேலையைத் தொடங்கியது. ஆனியில் எல்லோரும் ஊருக்கு வந்தார்கள்.

போனவர் ஒருத்தர், வந்தவர் வேறொருத்தர். எலும்பும் தோலுமாகப் போன எட்டுமணியரின் முகம் பூசணிக்காய்போல் வட்டமாகிக் கன்னம் இரண்டும் தொங்கின. அது வேலூரில் கொடுத்த மருந்துக் குளிசை செய்யும் வேலை என்று மாமி சொல்லிக் களைத்துப் போனார். ஒழுங்கை நம்பவில்லை.

"வேலூர்ச் சாப்பாடு நல்லாப் பிடிச்சிருக்கு" என்றது ஒழுங்கை.

வெள்ளைக் குளிசையும் மஞ்சள் குளிசையும் ஒரு பிஸ்கற் ரின் நிறைய வந்திருந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு, தவறாமல், உயிர் உள்ளவரை. சனக்கூட்டத்துக்குப் போகப்படாது. கொதித்தாறின தண்ணீர்தான். காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்கப்படாது. ஒவ்வொரு நாளும் நிறை பார்க்கவேண்டும், காய்ச்சல் பார்க்கவேண்டும், போகிற சலத்தை, அதுதான் சிறுநீரை, அளக்கவேண்டும். வேலூர் டொக்டர் இதைச் சொல்லும்போது வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். எட்டுமணியரின் முகம் மலர்ந்ததாம். உடனே ஒரு கொப்பியில் கோடு இழுத்து, இடாப்புப் போட்டுவிட்டார்.

நிறை பார்க்கத் தொழிற்சாலையில் கழித்துவிட்ட மூட்டைத் தராசு ஒன்று வந்து முற்றத்தில் நின்றது. சீமெந்துப் பை ஒன்று ஐம்பது கிலோ. ஆகவே அவருடைய நிறை அறுபத்து நாலு அல்ல.

"ஒரு பையும் பதினாலும்" என்று தராசில் நின்று கத்துவார். மாமி எழுதவேண்டும். பிறகு அளவுச் சாடியோடு உள்ளே போய் வந்து கத்துவார். அதை நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்போம். "அறுநூறு!" என்று சத்தம் வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள்.

காலை எட்டுக்கு வெள்ளை, மஞ்சள். குளிசை உள்ளே போனதும் இடாப்பில் 'வெள்ளை: வந்தார். மஞ்சள்: வந்தார்' என்று எழுதுவார். பின்னேரம் எட்டுக்கும் அப்படியே. குளிசையோடு பசியும் வந்தது. பன்னிரண்டு இடியப்பத்தோடு காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பத்தரைக்கு மெல்லக் குரல் கொடுப்பார்.

"இஞ்சாரும், மத்தியானம் பிந்துது."

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்று தொடங்குவார் குணலட்சுமி மாமி. அவர் அப்படித் தொடங்கினால் அரை மணித்தியாலத்துக்குப் பாய் விரிக்கலாம். "நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா ஒரு குண்டிக்காய் வைச்சவருக்கு நாலு வயிறும் சேத்து வைச்சுத் தைச்சுப்போட்டாங்களோ எண்டுதான் யோசிக்கிறன்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை பத்மாவதியக்கா சாவகச்சேரி பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் பக்கத்து சீற்றில் பெண்கள் இருந்தால், விலாவில் உள்ள தழும்பின் நீளத்தைச் சாண் போட்டுக் காட்டாமல் இறங்கமாட்டார். வந்ததும் தம்பியின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே வலப்பக்க அடிவயிற்றைப் பார்த்துத்தான் கதை.

"எப்பிடி நிக்கிறாய் என்ரை ராசாத்தி? தண்ணி வென்னி தாறானோ? தாறான். எல்லாம் பிடிச்சிருக்கோ? பிடிச்சிருக்கும்."

எட்டுமணியர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தான் ஏதோ வாடகைக்கு விட்ட வீடு மாதிரிப் பேசாமல் நிற்பார். ஆனால் அக்கா வருகிற ஞாயிறென்றால் ஏழரைக்கே படலையடியில் நிற்பதும் அவர்தான்.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு. பஸ்ஸால் இறங்கிய பத்மாவதியக்கா சந்தியில் வின்சன்ற்றின் மருந்துக்கடைக்குள் போனார். வெட்டின காயம் ஆறி ஆறு மாதமாகியும் தம்பி ஏன் இவ்வளவு குளிசை விழுங்குகிறான் என்பது அவருக்கு விளங்கவில்லை. வின்சன்ற் மருந்து கட்டித் தருகிறவர்தான், ஆனால் விளக்கம் சொல்லக் கிடைத்தால் கடையையே மறந்துவிடுவார். வாயைத் திறக்காமல் மூக்காலேயே முழு வசனத்தையும் விடுவார்.

"அக்கா, இப்ப பாருங்கோ. உடம்பெண்டுறது ஒரு வீட்டுக்காரன். உள்ளை புதுசா ஒரு சாமான் வந்தா, ஆர் இது, பிறத்தியெல்லோ எண்டு கண்டுபிடிச்சிடும். பிடிச்சுதெண்டா அடிபிடிதான். குளிசையைப் போட்டா அது அடங்கிப்போய்ப் பேசாமல் கிடக்கும். விளங்குதே அக்கா?"

'அது' என்று வின்சன்ற் சொன்னது உடம்பை. பத்மாவதியக்கா எடுத்துக்கொண்டது குண்டிக்காயை. அதற்குப் பிறகு வின்சன்ற் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை. பிறத்தி என்ற சொல் விழுந்ததோடு மற்றக் கதவெல்லாம் சாத்தியாயிற்று.

எட்டுமணியர் அப்போது ஒன்பதாவது இடியப்பத்தில் நின்றார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். நான் உனக்கு ஆர்?"

"அக்கா."

"கூடப் பிறந்தவளோ, றோட்டிலை போனவளோ?"

"கூடப் பிறந்தவள். ஏன் அக்கா இப்ப..."

"அப்ப என்ரை குண்டிக்காய் மட்டும் ஏன் பிறத்தி?"

எட்டுமணியர் வாயில் இருந்ததை விழுங்கினார். "டொக்டர்மார் தந்தது அக்கா. காலமை எட்டுக்கும் பின்னேரம் எட்டுக்கும்..."

"மணி கேக்கேல்லை. ஏன் போடுறாய் எண்டு கேட்டனான்."

வேறொருவர் என்றால் சத்துக்கு என்று சொல்லித் தப்பியிருப்பார். எட்டுமணியருக்குப் பொய் வராதே. "குண்டிக்காய் என்ரை இல்லை, வெளியிலை இருந்து வந்தது எண்டு..." என்று தொடங்கினார்.

"காணும்" என்றார் பத்மாவதியக்கா. கத்தவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. "உதைத்தானே ஐயாவும் சொன்னவர். அவர் வாயாலை சொன்னவர், நீ குளிசையாலை சொல்லுறாய். அவர் ஒரே ஒருக்காச் சொன்னவர். நீ நாளுக்கு ரெண்டு தரம் சொல்லுறாய், அதுவும் மணி பாத்து."

"மச்சாள், இருங்கோ, தேத்தண்ணி..." என்று குணலட்சுமி மாமி வந்தார்.

"எனக்கு வேண்டாம் குணம். பிறத்தி வீட்டிலை நான் தண்ணி குடிக்கிறதில்லை."

படலை அடித்துச் சாத்திய சத்தம் கேட்டது. எட்டுமணியர் மூன்று இடியப்பத்தைச் சாப்பாட்டுக் கோப்பையில் விட்டுவிட்டு எழும்பினார். வேலூரில் இருந்து வந்த பிறகு அவர் மிச்சம் விட்ட முதல் சாப்பாடு அது.

அன்றைக்குப் பின்னேரம் எட்டு மணி. குளிசைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். இருபத்து மூன்று வருடம் ஐயாவின் சொல்லைக் கேட்டு அக்காவோடு கதைக்காமல் இருந்ததே காணும். அதன் பிறகும் அவள் தன் உடம்பைக் கிழித்து ஒரு பாகத்தைத் தந்திருக்கிறாள். அதையும் பிறத்தி என்று சொல்லி அடக்கி வைப்பதா? டொக்டர்மாரே சொன்னார்கள், அச்சொட்டான பொருத்தம் என்று. அச்சொட்டென்றால் பிறகேன் குளிசை? ரைம்கீப்பரின் கணக்கில் அது சரியாகத்தான் வந்தது. தண்ணீரைக் குடித்தார். குளிசையை ரின்னுக்குள் திரும்பப் போட்டார்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. காலை எட்டுக்கும் பின்னேரம் எட்டுக்கும் வழமைபோல் கதிரையில் இருந்து, ரின்னைத் திறந்து, தண்ணீர் குடித்து, ரின்னை மூடினார். மாமி தூரத்தில் இருந்து பார்த்துச் சரி என்று நினைத்தார்.

இரண்டாம் நாளே பசி குறைந்தது. ஆறு இடியப்பத்தோடு எழும்பினார். "அம்மாளாச்சி கண் திறந்திட்டா" என்று மாமி எங்கள் வேலியடியில் வந்து சந்தோஷப்பட்டார். எங்களுக்கும் சந்தோஷம். சலத்தின் அளவைக் கத்தாமல் விட்டது மட்டும் எங்கள் வீட்டு அடுப்புக்குக் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது.

பத்தாம் நாள் காலை அவருக்குச் செருப்புக்குள் கால் போகவில்லை. கால் பந்துபோல் வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. வலப்பக்க அடிவயிற்றில் கை வைக்க விடவில்லை. மாமி ஓடிப்போய், டொக்டருக்குக் காட்டுவதற்கென்று இடாப்பை எடுத்துப் புரட்டினார். அப்படியே நின்றுவிட்டார்.

இடாப்பில் எல்லாம் இருந்தது. மனிதர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. யாராவது திறந்து பார்ப்பார்கள் என்றுதான் யோசிக்கவில்லை.

'வெள்ளை: வரவில்லை. மஞ்சள்: வரவில்லை.'

ஒன்பது நாள், நாளுக்கு இரண்டு முறை, சிவப்புப் பேனையில். பக்கத்தில் நிறை: ஒரு பையும் பதினாலும், ஒரு பையும் பதினைந்தும், ஒரு பையும் பதினேழும். கடைசி நாள் ஒரு பையும் இருபதும். ஒரு நாளில் இரண்டாயிரமாக இருந்த சலம் முந்நூற்றைம்பதுக்கு இறங்கியிருந்தது.

"ஆர் வரேல்லை?" என்று மாமி கத்தினார். இந்த முறை 'நான் ஒண்டும் சொல்லேல்லை' இல்லை. "ஆர் வரேல்லை இஞ்சை? குளிசைக்குக் காலிருக்கோ நடந்து வாறதுக்கு?"

"அக்கா பிறத்தி இல்லை எண்டு..." என்றார் எட்டுமணியர். நாடியை உள்ளே இழுக்கப் பலமில்லை. குரல் யாருடையதோ போல் இருந்தது.

ஒழுங்கை முகப்பில் வாடகைக்கு நின்ற ஏ-போட்டிக் காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் இடாப்பை ஒருமுறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார். நோயாளி ஒருவர் தன் நோய் வருத்தத்தை இவ்வளவு சுத்தமாக எழுதி வைத்ததை அவர் கண்டதில்லையாம்.

"உடம்பு குண்டிக்காயைக் கண்டுபிடிச்சு அடிக்கத் தொடங்கிட்டுது. மூண்டு நாளைக்கு ஊசி போடுறன். வேலூருக்கும் தந்தி அடிக்கிறன். மூண்டு நாளுக்குள்ளை சலம் கூடினா குண்டிக்காய் தப்பும். கூடாட்டி..." மிச்சத்தை மாமி கேட்கவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேறு நோய் தொற்றிவிடும் என்று அவரைத் தனியறையில் வைத்தார்கள். அறை வாசலில் தங்கமுத்து என்ற தாதிப் பெண், வாய்த்துணி கட்டி, ஸ்ரூல் போட்டுக் காவல். மட்டுவிலுக்கு ஆள் போய்ச் சொல்லி, அடுத்த நாள் காலை பத்மாவதியக்கா வந்து நின்றபோது தங்கமுத்து கையை நீட்டி மறித்தார்.

"கட்டின மனுசியை மட்டுந்தான் விடலாம். பிறத்தி ஆக்களை விடேலாது."

சொல்வதற்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா அந்தப் பிள்ளைக்கு? வாட்டில் நின்றவர்கள் சொல்கிறார்கள், பத்மாவதியக்கா சேலையை விலாவில் இருந்து விலக்கித் தழும்பைக் காட்டினாராம்.

"பிள்ளை, என்ரை ஒரு துண்டு ஏற்கனவே உள்ளை கிடக்கு. மிச்சத்தை வெளியிலை வைச்சு நீ என்ன செய்யப் போறாய்?"

தங்கமுத்து ஒரு வாய்த்துணியை எடுத்து நீட்டினார்.

உள்ளே எட்டுமணியர் கண்ணை மூடிக்கிடந்தார். மாமி கால்மாட்டில் இருந்தார். பத்மாவதியக்கா வாய்த்துணிக்குள்ளாலேயே தொடங்கினார்.

"குளிசையை நிப்பாட்டு எண்டு நான் சொன்னனானோ? சொல்லேல்லை! கோவம் வந்தா கத்துவன். கத்தினா நீயும் கத்தவேண்டியதுதானே? அதை விட்டிட்டு..."

"நீ பிறத்தி இல்லை எண்டு காட்டத்தான் அக்கா" என்றார் எட்டுமணியர்.

பத்மாவதியக்காவுக்கு முதல் தடவையாகக் கேள்வியும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

வந்தது குணலட்சுமி மாமிக்கு. இரண்டு நாளாக அடக்கி வைத்தது முழுவதும் வந்தது. "நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அக்காவுக்கும் தம்பிக்கும் சேத்து ஆண்டவன் ஒரு மூளையைக் குடுத்து, அதையும் ஆர் வைச்சிருக்கிறதெண்டு உங்களுக்குத் தெரியாமல் போச்சு. மச்சாள், குளிசை உங்கடை குண்டிக்காயை அடக்கிறதுக்கில்லை! அது பாவம், ஒருத்தரோடையும் சண்டைக்குப் போகேல்லை, வந்த நாள் துடக்கம் குனிஞ்ச தலை நிமிராமல் வேலை செய்யுது. அதைப் பிறத்தி, பிறத்தி எண்டு அடிச்சுக் கலைக்கப் பாக்கிறது இவற்ரை உடம்பு. அந்த உடம்பின்ரை வாயைப் பொத்தத்தான் குளிசை!"



"குளிசை உடம்புக்கோ?" என்றார் பத்மாவதியக்கா.

"உடம்புக்கு."

"அப்ப என்ரை ஆளுக்கில்லை?"

"இல்லை."

பத்மாவதியக்கா கட்டிலைச் சுற்றி வந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். வயிற்றை அல்ல, முகத்தை. வீங்கின கன்னம், உருண்ட நாடி. கடைசிக் காலத்தில் ஐயாவுக்கும் முகம் இப்படித்தான் ஊதியிருந்தது.

"அப்ப இவன்ரை உடம்பு ஐயாவோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் மாமி.

"ஐயாதான்! பார் குணம், அச்சொட்டா ஐயா! செத்து ஒன்பது வருசம், இன்னும் இவனுக்குள்ளை இருந்து கத்திக்கொண்டு கிடக்கிறார் மனுசன்." அவர் சிரித்தாரா அழுதாரா என்று வாய்த்துணி காட்டவில்லை. "நாளுக்கு எத்தினை குளிசை ஐயாக்கு?"

"காலமை வெள்ளை ரெண்டு, மஞ்சள் ஒண்டு. பின்னேரமும் அப்பிடித்தான்" என்றார் எட்டுமணியர் படுத்த படுக்கையில்.

"காணுமோ? காணாது! ஐயாவைத் தெரியாமல் தந்திருக்கிறாங்கள். குணம், போய் டொக்டரிட்டைச் சொல்லு. அந்த மனுசன் ரெண்டு மூண்டுக்கெல்லாம் வாய் மூடுற ஆளில்லை."

அது போகட்டும். சலம் வரவேண்டுமே.

முதல் நாள் முந்நூறு. பத்மாவதியக்கா சாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடாப்பில் தன் கோணல் எழுத்தில் எழுதினார். இரண்டாம் நாள் இருநூற்று அறுபது. அன்று அவர் ஒருவரோடும் கதைக்கவில்லை. வாட்டு முழுவதும் காய்ச்சல்காரர்கூட மெல்ல இருமினார்கள். மாமி சொல்கிறார், அன்றைக்கு எட்டுமணியர் அக்காவின் கையைப் பிடித்து, "போனாலும் குறை நினைக்காதை, அது நல்லாத்தான் வேலை செய்தது" என்றாராம். "வாயை மூடிக்கொண்டு படு. அது போறதெண்டா என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போகும்" என்றாராம் பத்மாவதியக்கா.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அவர் சாடியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே வந்தார். ஒரு கையில் சாடி, மறு கையில் வாய்த்துணி. முப்பது கட்டில் கிடந்த வாட்டு அது.

"எழுநூறு! தங்கமுத்து, எழுநூறு! ஓரிரவிலை எழுநூறு!"

தங்கமுத்து ஸ்ரூலை விட்டு எழும்பினார். பதினாலாம் கட்டில் கிழவர், என்ன எழுநூறு, எந்தச் சீட்டு விழுந்தது என்று கேட்டார். விளங்கியதும் அவரும் கைதட்டினார். டொக்டர் வந்து, சாடியை மூடச் சொல்லிவிட்டு, இரத்தச் சோதனைத் துண்டைப் பார்த்தார். குண்டிக்காய் தப்பிவிட்டது. முன்னம்போல் முழுப் பலம் இல்லை, கொஞ்சம் அடிபட்டுத்தான் போயிருக்கிறது, இன்னொருமுறை இப்படி நடந்தால் தாங்காது என்றார். எட்டுமணியர் தலையைக் குனிந்துகொண்டு, கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தவனைப்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு விடுகிற நாளில் பத்மாவதியக்கா கொக்குவிலுக்கு விடவில்லை.

"ஒரு மாசம் மட்டுவிலிலை. என்ரை கண்ணுக்கு முன்னாலை முழுங்கவேணும். குணம், நீயும் வா. எத்தினை பாய் கிடக்கு? காணுமான பாய் கிடக்கு."

அப்படித்தான் எட்டுமணியர் அந்த வீட்டுப் படலையைத் தன் நாற்பத்து நாலாவது வயதில் முதன்முதலாகத் திறந்தார். வாய்த்துணி கட்டி, கையில் பிஸ்கற் ரின்னைப் பிடித்துக்கொண்டு. மத்தியானம் ஆகியிருந்தது. உள்ளே பாய் விரித்து, இரண்டு ஆம்பிளைகளுக்கும் எதிரெதிரே சாப்பாட்டுக் கோப்பை வைத்துவிட்டுப் பெண்கள் இருவரும் குசினிக்குள் போய்விட்டார்கள். வேண்டுமென்றே போனார்கள் என்று மாமி பிறகு ஒத்துக்கொண்டார். கதவு நீக்கலுக்குள்ளால் பார்த்துக்கொண்டும் நின்றார்களாம்.

முத்துக்குமாரு தோட்டத்தால் வந்து கைகால் கழுவியவர். புகையிலைக் காரம் ஏறிய விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எட்டுமணியர் வாய்த்துணியைக் கழற்றி, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் சொல் எதுவாக இருக்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சுகமோ என்று கேட்கலாம். ஆனால் சுகமில்லை என்பது ஊருக்கே தெரியும்.

முத்துக்குமாரு தொண்டையைச் செருமினார்.

"தம்பி, சலம் போச்சுதோ?"

எட்டுமணியர் நிமிர்ந்தார். நாடி மெல்ல உள்ளே போனது.

"ஓம் அத்தான். வந்தவுடனை போனனான். நானூறு."

"நானூறோ? நல்லது" என்று முத்துக்குமாரு தலையாட்டி, கத்தரிக்காய்க் குழம்பை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.